ஒரு எக்ஸ் கூடினால் குழந்தையின் மூளைக்கு என்ன ஆகும்?

கர்ப்பம் பத்து வாரம் தாண்டியதும் தாயின் ரத்தத்தை எடுத்துச் செய்கிற ஒரு சோதனை இருக்கிறது. என்ஐபிடி என்று சொல்வார்கள். பெரும்பாலானவர்கள் டவுன் சிண்ட்ரோம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதைச் செய்துகொள்கிறார்கள். ரிப்போர்ட் வரும். டவுன் இல்லை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கீழே இன்னொரு வரி இருக்கும்: எக்ஸ்எக்ஸ்ஒய், வாய்ப்பு அதிகம்.

இந்தச் சோதனை 2011-ல் விற்பனைக்கு வந்தது. அதிலிருந்து அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறைய பெற்றோர் இந்த வரியைப் படித்திருக்கிறார்கள். படித்தவர்கள் அடுத்து என்ன செய்வார்கள்? ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடுவார்கள். பேச்சு தாமதமாகும், படிப்பு வராது, கோபம் அதிகம், குழந்தை பிறக்காது என்று ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொன்றைச் சொல்லும். எந்தப் பக்கமும் அநேகமாகச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. இதையெல்லாம் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்பதுதான் அது.

இந்தக் குறிப்பில் நான் சொல்ல வருவது அதைத்தான். பாலியல் குரோமோசோம் எண்ணிக்கை மாறிப் பிறக்கும் குழந்தைகளின் மூளையைப் பற்றி நாம் நம்புவதெல்லாம், அவர்களை நாம் எங்கே போய்த் தேடினோம் என்பதைப் பொறுத்து மாறி வந்திருக்கிறது. பிறந்த குழந்தையிலிருந்தே பார்க்க ஆரம்பித்த பிறகு கிடைத்த படம் வேறு மாதிரி இருக்கிறது.

முதலில் கொஞ்சம் கணக்கு

நமக்கு 46 குரோமோசோம். அதில் இரண்டு பாலியல் குரோமோசோம்கள். பெண்ணுக்கு எக்ஸ்எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்ஒய். கரு உருவாகும்போது இந்தக் கணக்கில் சில சமயம் ஒன்று கூடும், அல்லது குறையும்.

ஆணுக்கு ஒரு எக்ஸ் கூடினால் எக்ஸ்எக்ஸ்ஒய். இதற்குப் பெயர் க்ளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம். சுமார் 600 ஆண் குழந்தைகளில் ஒன்று. ஒரு ஒய் கூடினால் எக்ஸ்ஒய்ஒய், ஆயிரத்தில் ஒன்று. பெண்ணுக்கு ஒரு எக்ஸ் கூடினால் மூன்று எக்ஸ், அதுவும் ஆயிரத்தில் ஒன்று. ஒரு எக்ஸ் குறைந்து ஒற்றை எக்ஸ் மட்டும் இருந்தால் டர்னர் சிண்ட்ரோம், 2000 முதல் 2500 பெண் குழந்தைகளில் ஒன்று. எல்லாவற்றையும் கூட்டினால் நானூறு, ஐந்நூறு பேரில் ஒருவர். அரிய நோய் என்று சொல்லும் அளவுக்கு இது அரிதே இல்லை. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்.

அப்புறம் ஏன் நமக்கு யாரையும் தெரியாது? அவர்களுக்கே தெரியாது என்பதுதான் பதில். டென்மார்க்கில் நாடு முழுவதற்கும் பதிவேடு உண்டு. அதை வைத்து 2003-ல் வெளியான ஆய்வின்படி, எக்ஸ்எக்ஸ்ஒய் ஆண்களில் கால்வாசிப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது அது கண்டுபிடிக்கப்படுகிறது. பருவ வயதுக்கு முன்னால் தெரிய வருவது பத்தில் ஒருவருக்கும் குறைவு. மீதிப் பேர் படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணி, தங்கள் செல்லில் ஒரு எக்ஸ் கூடுதலாக இருப்பது தெரியாமலேயே வாழ்ந்துவிட்டுப் போகிறார்கள்.

ஒரு குரோமோசோம் கூடியும் இவ்வளவுதானா?

நியாயமான கேள்வி. 21-ஆம் குரோமோசோம் மிகச் சிறியது. அது ஒன்று கூடினாலே டவுன் சிண்ட்ரோம். எக்ஸ் அதைவிடப் பல மடங்கு பெரியது, 800-க்கு மேல் மரபணுக்கள் அதில் இருக்கின்றன. மூளை வளர்ச்சிக்கு வேண்டிய மரபணுக்கள் அதில் தாராளமாகவே உண்டு. அது கூடியும் குழந்தை ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் போலப் பிறப்பது எப்படி?

1949-ல் முர்ரே பாரும் அவருடைய மாணவர் பெர்ட்ராமும் பெண் பூனையின் நரம்புச் செல்லில் ஒரு சின்ன கரும்புள்ளியைப் பார்த்தார்கள். ஆண் பூனையில் அது இல்லை. 1961-ல் மேரி லயன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி அதற்கு விளக்கம் சொன்னார். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் மட்டும்தான் வேலை செய்கிறது, இன்னொன்று சுருண்டு அடங்கிவிடுகிறது என்றார். எத்தனை எக்ஸ் இருந்தாலும் விதி இதுதான். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் பூட்டப்படும். எக்ஸ்எக்ஸ்ஒய் ஆணின் செல்லிலும் அந்தக் கரும்புள்ளி உண்டு.

ஆனால் பூட்டு முழுசாக விழுவதில்லை. பூட்டிய எக்ஸில் சுமார் 15 சதவீத மரபணுக்கள் தப்பித்து வேலை செய்துகொண்டே இருக்கின்றன. எல்லா வித்தியாசமும் வருவது இந்தச் சந்தில்தான். எளிய உதாரணம் உயரம். ஷாக்ஸ் என்று ஒரு மரபணு, எலும்பு வளர்ச்சிக்கு வேண்டியது. எக்ஸ், ஒய் இரண்டின் நுனியிலும் இருக்கிறது, பூட்டுக்கும் அடங்காது. ஆகவே குரோமோசோம் மூன்றானால் ஷாக்ஸும் மூன்று, ஆள் சற்று உயரம். ஒன்றானால் ஷாக்ஸும் ஒன்று, ஆள் குள்ளம். டர்னர் பெண்கள் உயரம் குறைவாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

மூளையிலும் இதே மாதிரி அளவுக் கணக்குதான் நடக்கிறது. ஆனால் அங்கே ஒரு மரபணு இல்லை, பல சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால் கணக்கு உயரம் போல நேராக வருவதில்லை. ஒரே குரோமோசோம் எண்ணிக்கை உள்ள இரண்டு குழந்தைகள் வெவ்வேறு மாதிரி வளர்கிறார்கள்.

தேடிய இடம்

இப்போது வரலாற்றுக்கு வருவோம். 1959-ல் எடின்பரோவில் பட்ரீஷியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் ஒரு க்ளைன்ஃபெல்டர் நோயாளிக்கு எக்ஸ்எக்ஸ்ஒய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதே வருடம் இங்கிலாந்தில் சார்ல்ஸ் ஃபோர்டின் குழு டர்னருக்கு ஒற்றை எக்ஸ்தான் காரணம் என்று காட்டியது. அடுத்து எழுந்த கேள்வி, இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்? எங்கே போய்த் தேடுவது?

ஆராய்ச்சியாளர்கள் எளிதில் ரத்தம் எடுக்க முடிந்த இடங்களுக்குப் போனார்கள். மனநலக் காப்பகம், சிறை. 1965-ல் ஜேக்கப்ஸும் உடன் பணியாற்றியவர்களும் ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸ் என்ற பாதுகாப்பு மருத்துவமனையில் 197 ஆண்களைச் சோதித்தார்கள். ஏழு பேருக்கு எக்ஸ்ஒய்ஒய் இருந்தது. அவ்வளவுதான், பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. கூடுதல் ஒய் என்றால் கொலைகாரன் என்ற கதை கிளம்பியது. சிகாகோவில் எட்டு நர்சிங் மாணவிகளைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக்குக்கு எக்ஸ்ஒய்ஒய் என்று செய்தி பரவியது. அது பொய், அவனுக்குச் சாதாரண எக்ஸ்ஒய்தான். ஆனால் திருத்தம் எப்போதும் போல யார் காதிலும் விழவில்லை.

இதில் என்ன தப்பு என்று யோசித்துப் பாருங்கள். கண் ஆஸ்பத்திரி வாசலில் நின்று எண்ணினால் ஊரில் யாருக்குமே பார்வை சரியில்லை என்றுதான் தோன்றும். வீட்டில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இதைச் சரிபார்க்க டென்மார்க்கில் ஒரு ஆய்வு நடந்தது. கோபன்ஹேகனில் பிறந்த உயரமான ஆண்கள் 4139 பேரைச் சோதித்து, 12 எக்ஸ்ஒய்ஒய் ஆண்களையும் 16 எக்ஸ்எக்ஸ்ஒய் ஆண்களையும் கண்டுபிடித்தார்கள். முடிவு 1976-ல் வந்தது. எக்ஸ்ஒய்ஒய் ஆண்களில் குற்றப் பதிவு உள்ளவர்களின் விகிதம் கூடுதல்தான். ஆனால் பெரும்பாலும் சில்லறைக் குற்றங்கள். அவர்கள் வன்முறையாளர்கள் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அதற்குள் இன்னொரு வழியும் திறந்துவிட்டது. வளர்ந்தவர்களிடம் போகாமல், பிரசவ வார்டில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளையும் வரிசையாகச் சோதிப்பது. அமெரிக்காவின் டென்வரில் ஆர்தர் ராபின்சன் 1964-ல் ஆரம்பித்தார், பத்து வருடத்தில் சுமார் 40,000 குழந்தைகள். எடின்பரோவில் ஷெர்லி ராட்கிளிஃப், டென்மார்க்கில் யோஹான்னஸ் நீல்சன், கனடாவில் டொரான்டோ, வின்னிபெக். எல்லா ஊரும் சேர்த்துச் சுமார் 2 லட்சம் பிறப்புகள். இதில் கண்டுபிடித்த சில நூறு குழந்தைகளைப் பெரியவர்கள் ஆகும்வரை பின்தொடர்ந்தார்கள். ராபின்சனின் குழு இன்னொரு புத்திசாலித்தனமான காரியம் செய்தது. ஒப்பிடுவதற்கு அதே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பி அக்கா தங்கைகளையே எடுத்துக்கொண்டது.

கிடைத்த படம் என்ன? பெரும்பாலான குழந்தைகள் சாதாரணப் பள்ளியில்தான் படித்தார்கள். பேச்சு சற்றுத் தாமதம், வாசிப்பில் சிக்கல், கை கால் அசைவில் கொஞ்சம் மந்தம் பலரிடம் இருந்தது. அறிவுத்திறன் சோதனையில் உடன்பிறந்தவர்களைவிடச் சராசரியாகப் பத்துப் புள்ளி அளவுக்குக் குறைந்தது. வித்தியாசம் உண்மையானது. சிறையும் காப்பகமும் காட்டிய படத்துக்கும் இதற்கும்தான் சம்பந்தமில்லை.

ஆனால் பாஸ்டனில் இதே வேலை சண்டையில் முடிந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஸ்டான்லி வால்சர் 1968 முதல் பிறந்த ஆண் குழந்தைகளைச் சோதித்து வந்தார். அதே பல்கலைக்கழகத்தின் மரபணு விஞ்ஞானி ஜான் பெக்வித்தும் நண்பர்களும் எதிர்த்தார்கள். உங்கள் பிள்ளைக்கு எக்ஸ்ஒய்ஒய் என்று ஒரு தாயிடம் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் அவன் பொம்மையை உடைத்தால்கூட அவள் கண்ணுக்கு அது வேறு மாதிரிதானே தெரியும் என்பது அவர்கள் வாதம். 1975-ல் புதிதாகச் சோதிப்பது நிறுத்தப்பட்டது. மற்றப் பெரும்பாலான ஊர்களிலும் எழுபதுகளோடு இந்தக் காலம் முடிந்தது.

எம்ஆர்ஐ அப்போது இல்லை. ஆகவே அந்தக் குழந்தைகள் என்ன பேசினார்கள், எப்போது நடந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்களின் மூளை அந்த வயதில் எப்படி இருந்தது என்பது தெரியாது.

முதல் இரண்டு வருடம்

மூளை வளர்ச்சியில் முதல் வருடம் மாதிரி இன்னொரு வருடம் வாழ்நாளில் கிடையாது. பிறக்கும்போது இருக்கிற மூளை ஒரு வயதுக்குள் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அடுத்த வருடம் 15 சதவீதம்தான் கூடுகிறது. நரம்புச் செல்கள் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே உருவாகிவிட்டவை. இந்த வருடத்தில் நடப்பது இணைப்பு வேலை. பார்வைக்கான பகுதியில் செல்களுக்கு இடையேயான சினாப்ஸ் இணைப்புகள் ஒரு வயதுக்குள்ளேயே உச்சத்துக்குப் போய், பிறகு வேண்டாதவை கழிக்கப்படுகின்றன. எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்பதில் குழந்தை என்ன பார்க்கிறது, என்ன கேட்கிறது என்பதற்கும் பங்கு உண்டு.

இப்போது கேள்வி இது. பத்து வயதில் ஸ்கேன் எடுத்து ஒரு வித்தியாசத்தைக் கண்டால், அது குரோமோசோம் நேராகச் செய்ததா? இல்லை, பத்து வருடம் சரியாகப் பேச முடியாமல், படிக்கச் சிரமப்பட்டு வளர்ந்ததின் விளைவா? பத்து வயது ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிரிக்க முடியாது. குழந்தையாக இருக்கும்போதே பார்க்க வேண்டும்.

டர்னர் சிண்ட்ரோம் இதற்கு நல்ல உதாரணம். இந்தப் பெண்களுக்குப் பேச்சும் சொல்வளமும் பொதுவாக நன்றாக இருக்கும். கணக்கு, வரைபடம், இடம் திசை கணிப்பது ஆகியவற்றில் சிரமம் வரும். பெரிய பெண்களின் மூளைப் படங்களில் இடஞ்சார்ந்த வேலைகளைச் செய்யும் பரைட்டல் பகுதி, அதாவது தலையின் பின்மேல் பக்கம், சற்றுச் சிறியதாக இருப்பது பலமுறை தெரிந்திருக்கிறது. வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா நிக்மையரின் குழு ஒரு வயதுக் குழந்தைகளைப் படம் எடுத்தது. மயக்க மருந்து கிடையாது. பால் குடித்துத் தூங்க வைத்து, காதுக்கு மூடி போட்டு, தூங்கும்போதே எடுப்பது. மொத்த மூளை அளவு மற்றப் பெண் குழந்தைகளைப் போலத்தான் இருந்தது. ஆனால் பரைட்டல் பகுதியின் வித்தியாசம் அந்த வயதிலேயே தெரிந்தது. கணக்கு என்றால் என்னவென்றே தெரியாத வயது அது. ஆகவே கணக்கு வராததால் அந்தப் பகுதி வளராமல் போகவில்லை. வித்தியாசம் முன்னாலேயே இருக்கிறது.

கூடுதல் எக்ஸ், கூடுதல் ஒய் பக்கம், அமெரிக்க தேசிய மனநலக் கழகத்தில் அர்மின் ரஸ்னஹானின் குழு சிறுவர், இளைஞர்களின் படங்களை ஒப்பிட்டது. எக்ஸ் கூடினால் மூளைப் புறணியின் மொத்த அளவு குறையும் திசையிலும், ஒய் கூடினால் கூடும் திசையிலும் போகிறது. ஆனால் மொழி, மனிதர்களைப் புரிந்துகொள்வது, முடிவெடுப்பது சம்பந்தமான சில இடங்களில் இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன. எக்ஸ்எக்ஸ்ஒய், எக்ஸ்ஒய்ஒய், மூன்று எக்ஸ் எல்லாவற்றிலும் பேச்சுத் தாமதம் பொதுவாக இருப்பதோடு இது ஒத்துப்போகிறது.

குழந்தைகளிடம் இது எப்படி வெளிப்படுகிறது? நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் சோஃபி வான் ரைன், டென்வரோடு சேர்ந்து ஒன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளைப் பார்க்கிறார். திரையில் ஒரு முகம் வந்தால் குழந்தையின் பார்வை எங்கே போகிறது என்பதைக் கருவி வைத்து அளக்கிறார்கள். கொலராடோவில் நிக்கோல் டார்டாலியாவும் டெலவேரில் ஜூடித் ராஸும், வயிற்றில் இருக்கும்போதே கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளைப் பிறந்த சில வாரங்களிலிருந்து பின்தொடர்கிறார்கள். தசை கொஞ்சம் தளர்வு, உட்காருவதும் நடப்பதும் சற்றுத் தாமதம், புரிந்துகொள்வதைவிடப் பேசுவதில் அதிகச் சுணக்கம் என்பவை திரும்பத் திரும்ப வருகின்றன. சராசரி கொஞ்சம் கீழே இறங்குகிறது. ஆனாலும் நிறையக் குழந்தைகள் வழக்கமான எல்லைக்குள்தான் இருக்கிறார்கள்.

சராசரி என்பது யார்?

இங்கேதான் நாம் வழுக்கி விழுகிறோம். பத்துப் புள்ளி குறைவு என்றதும் ஒவ்வொரு குழந்தைக்கும் பத்துப் புள்ளி போய்விட்டது என்று மனசு நினைக்கிறது. அப்படி இல்லை. மதிப்பெண்களின் பரவல் ஒன்றேதான், முழுக் கூட்டமும் பத்துப் புள்ளி நகர்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், கூடுதல் எக்ஸ் உள்ளவர்களில் சுமார் நாலில் ஒருவர் மற்றவர்களின் சராசரியைத் தாண்டி நிற்பார். அதே கணக்கில், கனமான உதவி தேவைப்படும் குழந்தைகளும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருப்பார்கள். இரண்டுமே உண்மை. ஸ்கேன் படமும் அப்படித்தான். கூட்டத்தைக் கூட்டத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஒரே ஒரு குழந்தையின் படத்தைப் பார்த்து இது எக்ஸ்எக்ஸ்ஒய், இவன் இப்படித்தான் படிப்பான் என்று சொல்ல முடியாது.

புது ஆய்வுகளுக்கும் ஒரு வாசல் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வயிற்றிலேயே கண்டுபிடித்து, ஆய்வுக்கும் சேர்த்துவிடுகிற பெற்றோர் பொதுவாகப் படித்தவர்கள், வசதி உள்ளவர்கள், சீக்கிரமே பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறவர்கள். சிறை ஒரு பக்கம் சாய்த்தது என்றால் இது மறுபக்கம் கொஞ்சம் சாய்க்கும். டர்னரிலும் இதே கதை. ஸ்கேனில் இதயக் கோளாறு தெரிந்து கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைக்கும், வேறு எதற்கோ சோதிக்கும்போது தற்செயலாகத் தெரிந்த குழந்தைக்கும் எதிர்காலம் ஒன்றல்ல.

அந்த வரியைப் படித்தவருக்கு

முதல் விஷயம், என்ஐபிடி முடிவு அல்ல. அது பார்ப்பது பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் டிஎன்ஏவை. வயதாக ஆக தாயின் சில செல்களே ஒரு எக்ஸை இழப்பதும் உண்டு. டர்னர் என்று வரும் முடிவுகளில் பாதிக்கு மேல் தவறாகவே இருக்கின்றன. பனிக்குட நீர் சோதனையோ பிறந்த பின் ரத்தச் சோதனையோ செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும்.

இரண்டாவது, உறுதியானால் அது தீர்ப்பு அல்ல, கவனிக்க வேண்டியவற்றின் பட்டியல். காது நன்றாகக் கேட்கிறதா, கழுத்து நிற்பதும் உட்காருவதும் எப்போது, ஒரு வயதில் சொன்னது புரிகிறதா, ஒன்றரை வயதில் வார்த்தை வருகிறதா. வரவில்லை என்றால் "பையன் மெதுவாப் பேசுவான், அவங்க தாத்தாவும் அப்படித்தான்" என்று மூன்று வயதுவரை காத்திருக்க வேண்டாம், உடனே பயிற்சி தொடங்கலாம். தெரிந்ததால் கிடைக்கும் லாபம் இதுதான். டர்னர் என்றால் இதயமும் சிறுநீரகமும் கட்டாயம் பார்க்கப்பட வேண்டும்.

பெக்வித் 1975-ல் பயந்தது நியாயமான பயம். பெயர் ஒட்டினால் பார்வை மாறும். ஆனால் பெயரே தெரியாமல், ஏன் வாசிக்க வரவில்லை என்று அடி வாங்கி வளர்ந்த முக்கால்வாசிப் பேரின் கணக்கையும் எதிர்ப்பக்கத் தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். அன்று பெற்றோரிடம் சொல்ல இருந்தது சிறையிலிருந்து வந்த கதை. இன்று பிரசவ வார்டிலிருந்து வந்த கணக்கு இருக்கிறது. ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கிற டாக்டர் இந்த இரண்டில் எதைச் சொல்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் அந்த வீட்டின் அடுத்த பல வருடங்கள் அமையும்.